ஆதரவற்றோருக்கு உதவ விரும்புவோர் கேட்ட கேள்விகளும் ஒரு சமூகப் பணியாளரின் பதில்களும்

வீடற்றோர் தங்குமிடங்களிலும் முதியோர் இல்லங்களிலும் சமூகப் பணியாளராக இருந்த ஒருவர் இங்கே பதிலளிக்கிறார். தத்தெடுப்பு தமது துறை அல்ல என்று முன்பே தெரிவித்திருக்கிறார்.

கேள்வி (திருச்சி): எங்கள் பேருந்து நிலையத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க முதியவர் ஒருவர் சில நாள்களாகப் படுத்துக் கிடக்கிறார். அவரை எந்த இல்லத்தில் சேர்க்கலாம்?

பதில்: இல்லத்தைத் தேடும் முன் அவர் அருகில் உட்கார்ந்து பேசுங்கள். சாப்பிட்டாரா, உடம்புக்கு ஏதேனும் உண்டா, வீட்டார் இருக்கிறார்களா, வேறிடத்துக்கு வர விருப்பமா என்று கேளுங்கள். வர மறுப்பவர்கள் பலரிடம் நியாயமான காரணம் இருக்கும். பக்கத்துக் கடைக்குத் தண்ணீர் சுமந்து கொடுத்து அன்றாடக் கூலி பெறுபவராக இருக்கலாம். முன்பு ஏதோ ஓர் இல்லத்தில் பூட்டி வைக்கப்பட்டவராகவும் இருக்கலாம். காயம், காய்ச்சல், மயக்கம் இருந்தால் 108ஐ அழையுங்கள். மற்றபடி, முதியோருக்கான உதவி எண் 14567. அது காலை 8 மணி முதல் இரவு 8 மணி வரை இயங்குகிறது.

அவர் மனநலம் பாதிக்கப்பட்டவராகத் தெரிந்தால் காவல் நிலையத்துக்குத் தெரிவியுங்கள். இப்படித் திரிபவரைப் பாதுகாப்பில் எடுத்து, 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிலையத்துக்குக் கொண்டு செல்வது காவல்துறையின் கடமை என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் 100ஆவது பிரிவில் கூறுகிறது. எந்தச் சூழலிலும் அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது என்பதும் அதே பிரிவில் உள்ளது. காவலர் தயங்கினால் பிரிவின் எண்ணைச் சொல்லிக் கேளுங்கள். எண் தெரிந்தவரை எளிதில் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.

வர அவர் சம்மதித்தால், நீங்கள் தேட வேண்டியது முதியோர் இல்லத்தை அல்ல, நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத்தை. ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு தங்குமிடமாவது வேண்டும், அது 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் உத்தரவிட்டது. கட்டடத்தை மாநகராட்சி கொடுக்க, உள்ளே நடத்துவது தொண்டு நிறுவனம் என்பதே பெரும்பாலான இடங்களில் ஏற்பாடு. ஆண்களுக்கு, பெண்களுக்கு, குடும்பத்தினருக்கு என்று தனித்தனியாக உண்டு. சென்னையில் அரசு மருத்துவமனை நோயாளிகளின் உடனாளிகளுக்கும் உண்டு. மாநகராட்சி மண்டல அலுவலகத்தில் கேட்டால் முகவரி கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. அவருடைய ஆதார், குடும்ப அட்டை, வங்கிப் புத்தகம் எதுவாயினும் அசலை எந்த நிறுவனத்திடமும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள், போதும்.

கேள்வி (ஈரோடு): பழைய துணிகளை எங்கே கொடுக்கலாம்?

பதில்: துவைத்து, பொத்தான் தைத்து, நீங்களே உடுத்தும் நிலையில் இருந்தால் அருகிலுள்ள தங்குமிடத்தில் என்ன அளவு தேவை என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

கேள்வி (கும்பகோணம்): என் பெரியம்மா வீட்டை மகன் பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இப்போது சாப்பாட்டுக்கே வழியில்லை. ஏதாவது அறக்கட்டளை ஏற்றுக்கொள்ளுமா?

பதில்: ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் சொத்தை எழுதி வாங்கியவர் சுகமாக இருக்க, எழுதிக் கொடுத்தவரை ஊரார் காசில் பராமரிக்க வேண்டிய அவசியம் என்ன? பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு நலச் சட்டம் 2007இலிருந்து இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை வழங்க உத்தரவிடலாம் என்கிறது மத்தியச் சட்டம். அறிவிப்பு சென்று சேர்ந்த நாளிலிருந்து 90 நாள்களுக்குள் மனுவை முடிக்கவும் சொல்கிறது.

வீட்டைப் பொறுத்தவரை 23ஆவது பிரிவைப் பாருங்கள். தம்மைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, அந்த நிபந்தனை மீறப்பட்டால் ரத்து செய்யலாம். நிபந்தனை இருந்ததைக் காட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022இல் கூறியது. முதியோருக்குச் சாதகமாக விரிந்த பொருளில் இந்தச் சட்டத்தைப் படிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் வேறொரு வழக்கில் கூறியது. ஆகவே செட்டில்மென்ட் பத்திரத்தின் நகலை முதலில் எடுத்து, பராமரிப்பைப் பற்றி ஒரு வரியேனும் இருக்கிறதா என்று பார்க்கச் செய்யுங்கள்.

தொண்டு நிறுவனம் உண்மையில் பயன்படுவது இங்கேதான். முதியவரால் இயலாதபோது, அவர் அதிகாரம் அளிக்கும் அமைப்பே அவர் சார்பில் மனுச் செய்யச் சட்டம் இடமளிக்கிறது. மனு எழுதவும், விசாரணை நாளில் உடன் வரவும் அவர்களைக் கேளுங்கள். பத்திரத்தின் அசல் உங்கள் பெரியம்மாவிடமே இருக்கட்டும்.

கேள்வி (சேலம்): சென்னையில் நல்ல முதியோர் இல்லம் ஒன்றின் தொலைபேசி எண் தர முடியுமா?

பதில்: நான் இல்லங்களைப் பரிந்துரைப்பதில்லை. முன்னறிவிப்பின்றிப் பிற்பகல் மூன்று மணிக்கு நேரில் போங்கள். கழிப்பறையைப் பாருங்கள். இரவில் எத்தனை பணியாளர்கள் இருப்பார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி (சென்னை): மகனின் பிறந்தநாளுக்குக் குழந்தைகள் இல்லம் ஒன்றில் பிரியாணி கொடுத்து, அவன் கையால் கேக் வெட்டிக் கொண்டாட இருக்கிறோம். கவனிக்க வேண்டியவை யாவை?

பதில்: இல்லம் இளைஞர் நீதிச் சட்டத்தின்படிப் பதிவு செய்யப்பட்டதா என்று பாருங்கள். சாப்பாடு கொடுங்கள், படம் எடுக்காதீர்கள். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது அச்சட்டத்தின் 74ஆவது பிரிவின்படிக் குற்றம். ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கேக்கையும் வீட்டிலேயே வெட்டிவிடுங்கள். தன் பிறந்தநாள் எதுவென்றே தெரியாத குழந்தைகள் அங்கே இருப்பார்கள்.

கேள்வி (வேலூர்): நான் ஒரு சிறிய இல்லம் நடத்துகிறேன். படம் போடாவிட்டால் அடுத்த மாத அரிசிக்கு யாரும் பணம் தருவதில்லை. வெளியிலிருந்து அறிவுரை சொல்வது எளிது.

பதில்: உங்கள் நெருக்கடியை நான் அறிவேன், ஆயினும் என் பதில் மாறாது. அரிசி மூட்டையைப் படம் எடுங்கள், சமையற்கட்டை எடுங்கள், செலவுக் கணக்கை எடுத்துப் போடுங்கள். தட்டை நீட்டி நிற்கும் பிள்ளையின் முகம், அவள் இருபது வயதில் வேலை தேடும்போதும் இணையத்தில் கிடக்கும்.

கேள்வி (கடலூர்): அன்னதானத்தையே குறை கூறுகிறீர்களே? வடலூர் இருக்கும் மண்ணில் இப்படிப் பேசலாமா?

பதில்: வடலூரையே எடுத்துக்கொள்வோம். வள்ளலார் 1867 மே 23 அன்று தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. பசித்து வந்தவரிடம் சாதியோ ஊரோ கேட்பதில்லை. யாருடைய பிறந்தநாளும் அங்கே சோற்றுக்குக் காரணமாக இருக்க வேண்டியதில்லை. தினமும் பசிக்கிறது, தினமும் உலை ஏறுகிறது. நான் குறை கூறுவது அதன் எதிர்ப்பக்கத்தை. ஞாயிறு மதியம் மூன்று குடும்பங்கள் பிரியாணி, வடை, பாயசத்தோடு வந்து நிற்கின்றன. முதியோர் இல்லமானால் சர்க்கரை நோயாளிகள் வந்தவர் மனம் நோகக் கூடாதென்று மூன்றையும் சாப்பிடுகிறார்கள். செவ்வாய் இரவு ரசத்துக்குப் புளி இருக்காது. இரவுப் பணியாளருக்குச் சம்பளம் பாக்கி. பெரியவர்களுக்கான டயப்பர் வாங்க ஒருவரும் முன்வருவதில்லை, அதில் பெயர் எழுதி வைக்க இடமில்லை என்பதாலோ என்னவோ.

கேள்வி (கடலூர்): அப்படியானால் ஏழை ஒருவருக்கு ஒருவேளை நல்ல சோறு போடும் மகிழ்ச்சியும் தவறா?

பதில்: தவறில்லை. போடுங்கள். என்ன வேண்டும், எந்த நாளில் வேண்டும் என்று இல்லத்தைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். இந்த விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். வேறு கேள்விகள் காத்திருக்கின்றன.

கேள்வி (நாமக்கல்): நன்கொடைக்கு வருமான வரி விலக்கு உண்டா?

பதில்: நிறுவனத்துக்கு 80ஜி எனப்படும் வரிச் சலுகை அனுமதி இருக்க வேண்டும், நீங்கள் பழைய வரி முறையில் இருக்க வேண்டும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் விலக்கு இல்லை. அரிசி, துணி போன்ற பொருளுக்கும் இல்லை. மேற்கொண்டு உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

கேள்வி (விருதுநகர்): மருத்துவமனையில் ஒருவர் கைக்குழந்தையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறாராம். வாங்கி வளர்க்கலாமா?

பதில்: கூடாது. அப்படிக் கைமாற்றுவது குற்றம். குழந்தைகள் உதவி எண் 1098க்கு இப்போதே தெரிவியுங்கள்.

கேள்வி (தாம்பரம்): பெற்றோருக்கு நல்ல முதியோர் இல்லம் எது? எண் கிடைக்குமா?

பதில்: சேலத்துக்காரருக்குச் சொன்னதே.

கேள்வி (மதுரை): பணம் கொடுக்கும் நிலையில் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நேரம் தர முடியும். என்ன செய்யலாம்?

பதில்: வார நாளில் அரை நாள் விடுப்பு எடுக்க முடியுமா? அரசு மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவும் வட்டாட்சியர் அலுவலகமும் ஞாயிறன்று வழக்கம்போல் இயங்குவதில்லை. தங்குமிடத்தில் இருப்பவருக்குப் பெரும்பாலும் குறைவது சோறு அல்ல, உடன் வரும் ஆள். ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்கவும், ஸ்கேனுக்கு எந்தக் கட்டடம் என்று விசாரிக்கவும், டாக்டர் சொன்னதை மறுபடி விளக்கவும் ஒருவர் வேண்டும். முதியோர் உதவித்தொகை 2023இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. ஆனால் முகவரி இல்லாதவர் இ-சேவை மையத்தில் விண்ணப்பிப்பது எப்படி? அங்கீகரிக்கப்பட்ட தங்குமிடத்தின் பொறுப்பாளர் தரும் சான்றை வைத்து ஆதார் பெறலாம், அதன் பின் வங்கிக் கணக்கு, அதன் பின் விண்ணப்பம், அதன் பின் விசாரணை. ஒவ்வொரு படியிலும் ஒரு கையெழுத்து, ஒரு நாள் கூலி இழப்பு. உடன் ஒருவர் போனால் பலர் பாதியில் விடாமல் முடிப்பார்கள். விண்ணப்பம் முடிந்ததும் ஆதாரை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (ஓசூர்): பழைய துணிகளை எங்கே கொடுக்கலாம்?

பதில்: ஈரோட்டுக்காரருக்கான பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி, முதலில் கேட்டவர்): முதியவரிடம் பேசினேன், வரச் சம்மதிக்கிறார். ஆனால் ஆதாரே இல்லை. தங்குமிடத்தில் சேர்ப்பார்களா?

பதில்: சேர்க்க வேண்டும். அட்டை இல்லை என்று மறுத்தால், மறுத்தவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மாநகராட்சி ஆணையர் அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். இரவு 8 மணிக்கு முன் 14567க்கும் ஒருமுறை பேசிவிடுங்கள்.