மலையேறாமலே ஒரு மலைநடை

கேள்வி: அறுபது வயதைக் கடந்த என் தாயாரையும் பள்ளி செல்லும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு, மதுரையிலிருந்து அரைநாளில் போய்வரக்கூடிய எளிய மலைநடைக்கு அரிட்டாபட்டி ஏற்றதா? அங்கே விலங்குகளைப் பார்க்க முடியுமா?
— வாசகி, மதுரை

பதில்: ஏற்றதுதான், உச்சியைத் தொட்டே தீருவது என்ற எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மேலூர் அருகே, மதுரையிலிருந்து ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவில் உள்ள இவ்வூரின் குன்றுகள் பெரும்பாலும் மொட்டைப் பாறைகள். வெயில் ஏறிவிட்டால் நடப்பது துன்பம். பார்க்க வேண்டியவற்றுள் பல அடிவாரத்தை ஒட்டியே இருப்பதால், விடிந்ததும் கிளம்பிக் கண்மாய்க் கரையோரமாகவும் பாறையோரமாகவும் மெல்ல நடந்தாலே போதும்.

முதலில் சமணர் படுக்கைகள் உள்ள குகைத்தளத்தைப் பாருங்கள். அதன் நெற்றிப் பகுதியில், இந்த உறைவிடத்தைக் கொடுப்பித்தவர் யார் என்று கூறும் தமிழ்ப் பிராமி எழுத்துகள், ஈராயிரம் ஆண்டுக்கால மழையையும் காற்றையும் தாங்கி இன்றும் நிற்கின்றன. அவற்றுக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, அச்சணந்தி என்ற சமணத் துறவி செய்வித்த தீர்த்தங்கரர் திருமேனியும் அங்கே உண்டு. அதன் வட்டெழுத்துக் கல்வெட்டு, அத்திருமேனியைப் பாதிரிக்குடி என்னும் ஊராரின் காவலில் ஒப்படைக்கிறது. இங்குள்ள தொல்லெச்சங்களுள் என்னை மிகவும் ஈர்த்தது, கல்லிலேயே எழுதிவைத்த அந்தப் பொறுப்புதான். முற்காலப் பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரையில், சிவனின் அவதாரமாகக் கருதப்படுபவரும் தமிழகத்தில் அரிதாகவே காணப்படுபவருமான இலகுலீசரின் சிற்பத்தையும் தவறவிடாதீர்கள்.

விலங்குகளைப் பொறுத்தவரை, பிள்ளைகளுக்கு அதிகம் வாக்களித்துவிடாதீர்கள். தேவாங்கும் எறும்புத்தின்னியும் இங்கே வாழ்கின்றன. ஆனால் இரண்டும் இரவில் நடமாடுபவை என்பதால் பகலில் கண்ணில் படுவது அபூர்வம். பறவைகளோ ஏமாற்றுவதில்லை. ஏறக்குறைய 250 வகைகள் பதிவாகியுள்ள இவ்விடத்தில் லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, இராசாளிப் பருந்து ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் உள்ளன. செங்குத்துப் பாறை விளிம்புகளில் கூடு கட்டும் ஷாஹீன், இரையை நோக்கிப் பாயும்போது மணிக்கு 300 கி.மீ. வேகத்தையும் எட்டக்கூடியது. இருநோக்கி ஒன்றைக் கையில் எடுத்துச் சென்று, தொலைவிலிருந்தே பாருங்கள். பாறையடியில் கூச்சலிடுவதும் டிரோன் பறக்கவிடுவதும் கூட்டிலிருக்கும் பறவையை விரட்டிவிடும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை மாதங்களில் கண்மாய்களில் நீர் நிறைந்திருக்கும் என்பதால், அப்போது சென்றால் நீர்ப்பறவைகளும் மிகுதி.

கேள்வி: சுரங்கம் வரப்போவதாகச் சொன்னார்களே, அது இந்த இடம்தானா?
— வாசகர், திண்டுக்கல்

பதில்: ஆம். தமிழகத்தின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட ஏறத்தாழ 193 ஹெக்டேர் பரப்பையும் உள்ளடக்கியே டங்ஸ்டன் சுரங்கத் தொகுதி வரையறுக்கப்பட்டு, 2024இல் ஏலம் விடப்பட்டது. ஊர்மக்களின் கடும் எதிர்ப்பைத் தொடர்ந்து, 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது.