இசைப் பக்கம்: வாசகர் கேள்விகள்

கேள்வி: மூன்று கிட்டார் கார்டுகளை (சுரக்கூட்டுகளை) வரைந்து, ‘இனி ஒரு பேண்ட் ஆரம்பி’ என்று எழுதிய படம் ‘ஸ்னிஃபின் குளூ’வில் வந்ததுதானே? ரசிகர்களே தயாரிக்கும் இத்தகைய சிறு பத்திரிகைகள், அதாவது ஃபேன்ஸைன்கள், ராக் இசைக்கு என்னதான் செய்தன? (வாசகர், திருச்சி)

பதில்: இல்லை. அது ‘சைட்பர்ன்ஸ்’ என்ற வேறொரு பிரிட்டிஷ் ஃபேன்ஸைனில் 1976-77 குளிர்காலத்தில் வந்தது. ஏ, ஈ, ஜி என்று மூன்று கார்டுகள். ‘ஸ்னிஃபின் குளூ’ அதிகப் புகழ் பெற்றதால் அதன் கணக்கில் சேர்ந்துவிட்டது.

லண்டனில் வங்கி ஊழியராக இருந்த மார்க் பெர்ரி 1976 ஜூலையில் ‘ஸ்னிஃபின் குளூ’வைத் தொடங்கினார். தட்டச்சுப் பக்கங்கள், ஸ்கெட்ச் பேனாவில் தலைப்புகள், மூலையில் ஒரு பின். முதல் இதழ் ஏறத்தாழ 50 ஜெராக்ஸ் பிரதிகள். பங்க் என்ற முரட்டு ராக் இசையில் பிரிட்டனின் முதல் சிங்கிளான (தனிப்பாட்டு இசைத்தட்டு), த டேம்ன்ட் குழுவின் ‘நியூ ரோஸ்’ வந்ததே அந்த அக்டோபரில்தான். அதுவரை அந்த இசை மேடையில் மட்டுமே இருந்தது. பெரிய வார இதழ்களும் அவ்வப்போது எழுதின. ஆனால் கூட்டத்தில் நின்று கேட்டவர்கள் சூட்டோடு சூடாக எழுதியது ஃபேன்ஸைன்களில்தான். அவற்றை நாம் மதிக்க வேண்டிய முதல் காரணம் இதுவே.

அதற்கும் பத்து ஆண்டுகள் முன்பு, 1966 பிப்ரவரியில், அமெரிக்கக் கல்லூரி மாணவர் பால் வில்லியம்ஸ் சைக்ளோஸ்டைலில் ‘க்ராடாடி’ என்ற ராக் இதழைக் கொண்டுவந்தார். புகழ்பெற்ற ‘ரோலிங் ஸ்டோன்’ பத்திரிகை பிறந்தது 1967இல்தான்! வாஷிங்டன் மாநிலத்தின் ஒலிம்பியாவில் ப்ரூஸ் பாவிட் 1980இல் தொடங்கிய ‘சப்டெரேனியன் பாப்’ ஃபேன்ஸைன் சில இதழ்களைக் கேசட்டாகவே வெளியிட்டது. நிர்வானா ராக் குழுவின் முதல் ஆல்பத்தை 1989இல் வெளியிட்ட சப் பாப் இசைத்தட்டு நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான்.

கேள்வி: ஃபேன்ஸைன் போலவே ஜெராக்ஸில் 16 பக்க இதழ் செய்ய முயல்கிறோம். புகைப்படங்கள் கருப்புத் திட்டாகின்றன, பக்க வரிசையும் குழம்புகிறது. (வாசகர், கோவை)

பதில்: நடுவில் மடித்த நான்கு ஏ4 தாள்கள் போதும். வெளித்தாளின் ஒரு பக்கத்தில் இடம் 16, வலம் 1. மறுபக்கத்தில் இடம் 2, வலம் 15. அடுத்த தாள்கள்: 14-3, 4-13, 12-5, 6-11, 10-7, 8-9. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வர வேண்டும். முதலில் ஒரே ஒரு தாளை இருபுறமும் எடுத்துப் பாருங்கள். திருப்பும் பக்கம் மாறினால் பின்பக்கம் தலைகீழாக வரும். முதல் பக்கம் எடுத்த சூட்டில் தாள் சுருளும், ஆறவிட்டு மறுபக்கம் கொடுங்கள்.

படம் திட்டாவதற்குக் காரணம், பழைய வகை ஜெராக்ஸ் இயந்திரம் சாம்பல் நிறத்தைச் சரியாகப் பிடிக்காது. படத்தை அச்சிடும் அளவிலேயே புள்ளிகளாக மாற்றி ஒட்டுங்கள். அங்குலத்துக்கு 65 முதல் 85 புள்ளி வரிசைகள் போதும். நகலிலிருந்து நகல் எடுக்கவே கூடாது, ஒவ்வொரு முறையும் புள்ளிகள் ஒன்றோடொன்று அப்பிக்கொள்ளும். ஒட்டிய துண்டுகளின் ஓரம் கோடாக விழுந்தால் வைட்னர் பூசுங்கள். நீர்ப்பசை தாளைச் சுருக்கும், குச்சிப் பசை நல்லது. நான்கு ஓரமும் 1 செ.மீ. காலி விடுங்கள்.

சாதாரண ஸ்டேப்ளர் நடு மடிப்பை எட்டாது. அதைத் திறந்து, தாள்களைத் தெர்மக்கோல் மீது வைத்து அடித்து, உள்ளே வந்த கம்பியைக் கரண்டிக் காம்பால் மடக்கிவிடுங்கள்.