ஊசியா, கத்தியா? ஆண் நாய்க்குக் கருத்தடை: வாசகர் கேள்விகள்

எங்கள் ராஜபாளையம் நாய்க்கு இரண்டு வயது. பிறகு ஒருமுறை இனம் சேர்க்க ஆசை. அதுவரை, ஓராண்டுக்கு மட்டும், அறுவை இல்லாமல் தடுக்க முடியுமா?
– வாசகர், சிவகாசி

முடியும். உங்கள் தேவைக்குப் பொருந்துவது டெஸ்லோரெலின் என்ற மருந்து அடங்கிய சிறு குச்சி. சுப்ரெலோரின் என்பது அதன் வணிகப் பெயர். அரிசி மணியைவிடச் சற்று நீளமாக இருக்கும். அதற்கென உள்ள ஊசிக்குழலால் இரு தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கு அடியில் வைப்பார்கள், மயக்க மருந்து தேவைப்படாது. 4.7 மில்லிகிராம் அளவு குறைந்தது 6 மாதமும், 9.4 மில்லிகிராம் அளவு குறைந்தது ஓராண்டும் வேலை செய்யும்.

குச்சி வைத்த அன்றே நாய் மலடாகிவிடாது. தொடக்கத்தில் ஆண் ஹார்மோன் குறைவதற்குப் பதில் சற்று ஏறும். மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியை இந்த மருந்து ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்கும். தூண்டித் தூண்டிச் சுரப்பி களைத்துப் படுத்த பிறகுதான் விதைக்குப் போகும் கட்டளை நிற்கும். சிறிய அளவுக்கு 6 வாரம், பெரிய அளவுக்கு 8 வாரம் கழியும்வரை ஹீட்டுக்கு (இணையும் பருவத்துக்கு) வந்த பெட்டையை அருகில் விடவே கூடாது. 'குச்சி வைத்தும் குட்டி போட்டுவிட்டது' என்று வரும் புகார்களுக்குப் பெரும்பாலும் இந்த இடைவெளியே காரணம்.

6 வாரம் தாண்டியும் விதைகள் சுருங்கவில்லையா? குச்சி தோலிலிருந்து நழுவி விழுந்திருக்கலாம். ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் அளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். இதன் செயல்திறன் நன்றாகச் சோதிக்கப்பட்டிருப்பது 10 முதல் 40 கிலோ எடையுள்ள நாய்களில். உங்கள் நாய் அந்த வரம்புக்குள் வரும். மருந்தின் வீரியம் தீர்ந்த பிறகு விந்து உற்பத்தி மெல்லத் திரும்பும். எத்தனையாம் மாதம் என்று நாள் குறிக்க முடியாது, அதனால் இனம் சேர்க்கும் முன் விந்துப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குச்சியை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருந்தார்களா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகள் அதைக் கையாளக் கூடாது.

தெருவில் ஏழெட்டு நாய்களுக்குச் சோறு வைக்கிறோம். கால்சியம் குளோரைடை விதையில் ஊசியாகப் போட்டால் போதும், செலவும் குறைவு என்கிறார்கள். நாங்களே போடலாமா?
– வாசகி, வேலூர்

போடாதீர்கள். முறை வெறும் வதந்தி அல்ல. மேற்கு வங்க ஆய்வாளர்கள் 2007-லேயே தெருநாய்களில் இதைச் செய்து வெளியிட்டார்கள். 2014-ல் வெளியான இத்தாலிய ஆய்வில், 20 சதவீதக் கால்சியம் குளோரைடை எத்தில் ஆல்கஹாலில் கரைத்துப் போட்டபோது பலன் ஓராண்டுக் கண்காணிப்பு முழுதும் நீடித்தது. மருந்து விதைக்குள் இருக்கும் திசுவைக் கருக்கிவிடுகிறது, அதுதான் இதன் வேலை. அதே மருந்து ஒரு சொட்டு வெளியே கசிந்தால் விதைப்பைத் தோலையும் கருக்கும். செறிவு கூடினால் புண்ணாகும் ஆபத்தும் கூடும்.

இதே வழியில் அமெரிக்காவில் 2003-ல் அனுமதி பெற்றது துத்தநாக குளூக்கோனேட் ஊசி, 3 முதல் 10 மாதக் குட்டிகளுக்கு. அதைப் போடும் ஒழுங்கைப் பாருங்கள். ஒவ்வொரு விதையின் அகலத்தையும் அளவுகோலால் தனித்தனியாக அளக்க வேண்டும். 10 மில்லிமீட்டர் என்றால் 0.2 மில்லி, 27 என்றால் 1 மில்லி. மருந்தை உறிஞ்சிய ஊசியைக் கழற்றிவிட்டுப் புதிய மெல்லிய ஊசி பொருத்த வேண்டும். முனையில் ஒட்டிய துளிகூடத் தோலைப் பொசுக்கும். அடுத்த விதைக்கு இன்னொரு புது ஊசி. நாய் துள்ளாமல் இருக்க லேசான மயக்கம் வேண்டும். விதைப்பை முடியை மழிக்கவும் கூடாது. மழித்த இடம் அரிக்கும், நாய் நக்கும், நக்கினால் புண்ணாகும்.

போட்ட பிறகு இரண்டு மூன்று நாள் வீக்கம் இருக்கும். தோல் கறுத்தாலோ சீழ் வைத்தாலோ சிதைந்த திசுவையும் விதைப்பையையும் வெட்டி எடுக்க வேண்டியதுதான். கத்தியைத் தவிர்க்கப் போய், முதலிலேயே செய்திருக்க வேண்டியதைவிடப் பெரிய அறுவையில் முடியும். தெருவில் அந்த நாயை யார் தினமும் பிடித்துப் பார்ப்பது?

இன்னும் இரண்டு விஷயம். துத்தநாக ஊசியில் ஆண் ஹார்மோன் முழுதாக நிற்காது, ஏறக்குறைய பாதி குறையும். பெட்டையைத் தேடி அலைவதும் சண்டையும் சேர்க்கையும் தொடரலாம். சேர்க்கையால் தொற்றும் பிறப்புறுப்புக் கட்டி நம் தெருநாய்களிடம் ஏராளம், அதை இந்த ஊசி தடுக்காது. அடுத்து, விதை உடலிலேயே இருப்பதால் கருத்தடை ஆனதைக் காட்டும் காது வெட்டு அடையாளம் இல்லாத நாயை மறுபடியும் அறுவைக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்.

2023-ஆம் ஆண்டு விலங்கு இனக் கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். மாநகராட்சியிடம் பதிவுசெய்யும்போது உங்கள் தெருப் பெட்டைகளையும் முதலில் சேருங்கள். பத்து ஆணில் ஒன்பதைத் தடுத்தாலும், மிஞ்சிய ஒன்று தெருவிலுள்ள எல்லாப் பெட்டைகளையும் சினையாக்கிவிடும்.

ஆட்டுக் குட்டிக்குப் போடுவதுபோல ரப்பர் வளையம் போடலாமா?
– வாசகர், தாராபுரம்

கூடாது. ரத்தம் நின்று விதைப்பை அழுகும், நாய் அதைக் கடித்துக் குதறும், நஞ்சு ரத்தத்தில் ஏறிச் சாகலாம். 1960-ஆம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி இது குற்றமும்கூட. ஏற்கெனவே போட்டிருந்தால் இன்றே மருத்துவரிடம் தூக்கிச் செல்லுங்கள்.

எட்டு மாதக் குட்டிக்கு ஒரு விதைதான் தெரிகிறது. இதற்கும் ஊசி போடலாமா?
– வாசகி, கும்பகோணம்

கூடாது. இறங்காத விதை வயிற்றுக்குள்ளோ தொடை இடுக்கிலோ கிடக்கும், ஊசி அதை எட்டாது. அங்கேயே விட்டால் பிற்காலத்தில் கட்டியாகும் வாய்ப்பு மிக அதிகம். அறுவையில் இரண்டையும் எடுத்துவிடுவதே சரி. பரம்பரைக் குறை என்பதால் இந்த நாயை இனம் சேர்க்கவும் வேண்டாம்.

ஒன்பது வயது ஆண் நாய்க்கு இதயத்தில் இரைச்சல். மயக்க மருந்து பயம். வீட்டில் இரண்டு வயதுப் பெட்டையும் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– வாசகர், நாகர்கோவில்

பெட்டைக்குக் கருத்தடை செய்யுங்கள். இளசு, மயக்கத்தைத் தாங்கும். வயதான பெட்டைகளைக் கொல்லும் கருப்பைச் சீழும் அவளுக்கு வராது. அறுவை நாள் வரும் முன் ஹீட்டுக்கு வந்துவிட்டால், ரத்தம் கசியத் தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது 21 நாள் இரண்டையும் வெவ்வேறு அறையில் பூட்டி வையுங்கள். ஜன்னல் கம்பி இடைவெளியை நம்பாதீர்கள்.

ஆண் நாய் மலம் கழிக்க முக்கினாலோ, சிறுநீரில் ரத்தம் வந்தாலோ, அது புராஸ்டேட் வீக்கமாக இருக்கலாம். அப்போது டெஸ்லோரெலின் குச்சி அவனுக்கே மருந்தாகும், ஆனால் முதல் சில வாரம் தொந்தரவு சற்றுக் கூடலாம் என்பதை மருத்துவரிடம் பேசிவிட்டு வையுங்கள்.