வாசகர் கேள்வி பதில்: தூண்டிலுக்கு முன்னால் துடுப்பு

கேள்வி: தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்தவன் நான். இப்போது வேலை மும்பையில். நீச்சல் நன்றாகத் தெரியும். துடுப்பு போட்டு ஓட்டும் சிறு படகான கயாக், பழையது ஒன்று மலிவாகக் கிடைத்தது, வாங்கிவிட்டேன். வரும் ஞாயிறு தூண்டிலோடு, தானே ஊரை ஒட்டிய கடல்கழியான ‘தானே கிரீக்’கில் இறங்கலாமா?
(செம்பூர் வாசகர்)

பதில்: வரும் ஞாயிறு வேண்டாம், தம்பி. இன்னும் சில வாரங்களுக்குத் தூண்டில் வீட்டிலேயே இருக்கட்டும். மீன் கடிக்க ஆரம்பித்தால் கண் தூண்டில் நரம்பின் மேல்தான் இருக்கும். காற்று திரும்பியதும், படகு நழுவுவதும் தெரியாது. நீங்கள் பார்க்காதபோதும் உடம்பு தானாகப் படகைச் சமாளிக்க வேண்டும். அது துடுப்பு போட்டுப் பழகினால்தான் வரும்.

கடலோரத்துப் பிள்ளை என்பதால் இதையும் சொல்கிறேன். தூத்துக்குடியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொட்டாலே பெரிது. மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது 4 மீட்டரைத் தாண்டும். அத்தனை தண்ணீரும் ஏறக்குறைய ஆறு மணி நேரத்தில் கிரீக்கை விட்டு வெளியேறும். அதிலும் பாதி, மூன்றாவது நான்காவது மணியிலேயே ஓடிவிடும். அந்த நேரத்தில் எதிர்த்துத் துடுப்பு போட்டால் கை ஓய்ந்துபோகும், கரை அதே இடத்தில் நிற்கும். தண்ணீர் வடிந்த இடத்தில் மிஞ்சுவது முழங்காலுக்கு மேல் புதைக்கிற சேறு. மாட்டிக்கொண்டால் இறங்கி நடக்காதீர்கள். கயாக்கிலேயே உட்கார்ந்திருங்கள், தண்ணீர் திரும்பி வரும். குடிதண்ணீரும் தொப்பியும் எப்போதும் கூடவே இருப்பது இதற்காகத்தான்.

நல்ல காரியத்துக்கு அஷ்டமி, நவமி ஆகாது என்பார்கள். கயாக் பழக அந்த நாட்கள்தான் நல்லவை, ஓட்டம் தணிந்திருக்கும். ஏற்றம் முடிய ஒன்றரை மணி நேரம் இருக்கும்போது இறங்கி, உச்சம் தாண்டிய அரை மணிக்குள் கரையேறிவிடுங்கள். கரையில் இருக்கும் கோலி மீனவர்களிடம் பர்தி (ஏற்றம்) எப்போது, ஓஹோட்டி (வற்றம்) எப்போது என்று கேளுங்கள், சொல்லிவிடுவார்கள். கிரீக்கின் ஒரு பகுதி 2015 முதல் பூநாரை சரணாலயம். எங்கே இறங்கலாம் என்பதை வனத்துறையிடம் முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஓட்டமில்லாத நல்ல தண்ணீரில், பயிற்சி தருபவர் பக்கத்தில் இருக்க, வேண்டுமென்றே கவிழ்ந்து பழகுங்கள். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகைக் கயாக் கவிழ்ந்தால் தண்ணீர் நிறைந்துவிடும். அதனால் மேலே உட்காரும் வகைதான் உங்களுக்குச் சரி, அதில் ஏறும் தண்ணீர் ஓட்டைகள் வழியே வடிந்துவிடும். கவிழ்ந்ததும் படகின் நடுப்பக்கம் வாருங்கள். அடிப்பாகத்தின் மேல் கையை நீட்டி, எதிர் விளிம்பைப் பிடித்து இழுத்து நிமிர்த்துங்கள். அடுத்து எல்லோரும் செய்வது, மதில் ஏறுவதுபோலக் கையை ஊன்றி எம்புவது. கால் படகுக்கு அடியில் போய்விடும், படகு மறுபடி உங்கள் மேலேயே கவிழும். அப்படி எம்பாமல், காலைப் பின்னால் மிதக்கவிட்டு நீச்சல்போல உதையுங்கள். வயிறு படகின் குறுக்கே வரும்வரை உதைத்து, புரண்டு இருக்கையில் உட்கார்ந்து, கடைசியாகக் காலை உள்ளே எடுங்கள். களைத்த நேரத்திலும் இது கைவர வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை இறுக்கிப் போட்டுக்கொண்டு, யாரையாவது தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் அது உங்கள் அளவு இல்லை. நீச்சல் தெரிந்தவருக்கும் அது கட்டாயம். அதில் ஒரு விசில் தொங்கட்டும். துடுப்பின் கயிறு கயாக்கில்தான் இருக்க வேண்டும், உங்கள் உடம்பில் கூடாது. நங்கூரத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். ஓடும் தண்ணீரில் பக்கவாட்டில் நங்கூரம் விழுந்தால் படகைக் கவிழ்த்துவிடும். நரம்பு அறுக்க ஒரு கத்தி, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பிறகு தூண்டிலோடு போகும் நாளில் கெளுத்தி மாட்டும். அதைத் தொடை நடுவே வைத்துத் தூண்டில் முள்ளை எடுக்கப் பார்க்காதீர்கள். முதுகிலும் இரு பக்கச் செட்டையிலும் விஷமுள் உண்டு. நீளமூக்குக் குறடு வேண்டும். குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வையுங்கள், வலி தணியும். அப்புறம் டாக்டரிடம் போங்கள். திருக்கை வந்தால் நரம்பை அறுத்துவிடுங்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை இந்தப் பேச்சே வேண்டாம்.

கேள்வி: கடல் பயமாக இருக்கிறது. பவாய் ஏரியில் பழகலாமா?
(காட்கோபர் வாசகர்)

பதில்: பவாயில் முதலைகள் இருக்கின்றன, ஐயா. கவிழ்ந்து பழகும் இடம் அது இல்லை. லோணாவ்ளா பக்கம் பவனா அணை நீரில் கயாக் வாடகைக்குக் கிடைக்கிறது. லைஃப் ஜாக்கெட் தராதவரிடம் எடுக்காதீர்கள். அணையில் கரையை விட்டுச் சில அடி போனதும் ஆழம் திடீரென்று கூடும், நினைவிருக்கட்டும்.

கேள்வி: மகன் நண்பனோடு கயாக்கில் மீன் பிடிக்கப் போகிறான். சொன்னால் கேட்கிற வயதில்லை. கரையில் இருக்கும் நான் என்ன செய்யலாம்?
(வாஷி வாசகி)

பதில்: நிறையச் செய்யலாம், அம்மா. எங்கே இறங்குகிறான், எந்தப் பக்கம் போகிறான், எத்தனை மணிக்குக் கரையேறுவான், கயாக் என்ன நிறம் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனைத் தண்ணீர் புகாத உறையில் போட்டு உடம்போடு கட்டியிருக்கிறானா என்று பாருங்கள். சொன்ன நேரம் தாண்டினால் போன் செய்யுங்கள். எடுக்கவில்லை என்றால் இன்னும் ஒரு மணி நேரம் பார்க்கலாம் என்று உட்கார்ந்திருக்காமல், கடலோரக் காவல் படையின் 1554 என்ற எண்ணை அழையுங்கள். தவறான பயமாக இருந்தாலும் பரவாயில்லை, கூப்பிடுங்கள். எழுதி வைத்த அந்தத் தாளைப் பார்த்து அப்படியே படித்துச் சொன்னால், எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.