ஏலக்காய்த் தோட்டத்தை அடகு வைக்க வேண்டாம், அம்மா

வண்டிப்பெரியாற்றிலிருந்து மகளையும் மாமியாரையும் கூட்டிக்கொண்டு, மகளின் மேற்படிப்புக்கு ஆலோசனை கேட்டு குமுளியில் என் அறைக்கு வந்த அன்று உங்களுக்கு ஆறுதல் சொல்லி அனுப்பினேன். யோசித்துப் பார்த்ததில், அன்று சொல்லாமல் விட்டதை எழுதிவிடுவதே நியாயம் என்று பட்டது. பிளஸ் டூ கணக்கில் தட்டுத்தடுமாறித் தேறிய பெண்ணை, பெரியப்பா சொல்கிறார் என்பதற்காகக் கோயம்புத்தூரில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் இன்ஜினியரிங் சேர்க்கவும், அதற்காக ஏலத்தோட்டத்தை அடகு வைக்கவும் நான் சம்மதிக்க மாட்டேன். அந்தக் கடனுக்கு வட்டி கட்டப்போவது பெரியப்பா அல்ல.

அன்று பேச்சின் நடுவே பாட்டிக்கு இருமல் வந்ததும், யாரும் சொல்லாமலே உங்கள் மகள் எழுந்துபோய் என் உதவியாளரிடம், "சேச்சி, கொறச்சு சூடுவெள்ளம் கிட்டுமோ?" என்று கேட்டாள். "தா" என்று கேட்கவில்லை, "கிடைக்குமா" என்று கேட்டாள். மலையாளத்தில் அவளுக்கு இயல்பாக வந்த அந்தப் பணிவுதான் ஆங்கிலத்தில் "குட் ஐ ஹேவ் சம் ஹாட் வாட்டர், ப்ளீஸ்?" என்று ஆகிறது.

நம் பிள்ளைகள் பலர் இங்கேதான் சறுக்குகிறார்கள். தமிழில் "என்ன வேணும்ங்க?" என்றால் அந்த "ங்க" மரியாதையைத் தாங்கிக்கொள்கிறது. ஆங்கில வினைச்சொல்லில் அப்படி ஒரு விகுதி இல்லாததால், "வாட் டூ யூ வான்ட்?" என்று அப்படியே கேட்டால் அதட்டுவதுபோல் ஒலிக்கும், "ஹவ் மே ஐ ஹெல்ப் யூ?" என்றுதான் கேட்க வேண்டும். பெட்டியை இழுத்துக்கொண்டு வருபவரிடம் "வுட் யூ லைக் எ ஹேண்ட் வித் தட்?" என்றால், வேண்டாம் என்று சொல்லவும் அவருக்கு இடம் இருக்கிறது. கட்டளையின் முன்னால் "ப்ளீஸ்" ஒட்டினாலும் அது பெரும்பாலும் கட்டளைதான். "வுட் யூ மைண்ட் வெயிட்டிங்?" (காத்திருப்பதில் ஆட்சேபம் உண்டா?) என்பதற்கு "நாட் அட் ஆல்" என்று பதில் வந்தால் அது மறுப்பல்ல, சம்மதம். அதே கேள்வியை விருந்தினர் கேட்கும்போது நம் பிள்ளை சிரித்துக்கொண்டே "யெஸ்" என்றால், முடியாது என்று பொருளாகிவிடும்.

இந்தப் பேச்சையே தொழிலாகக் கொண்ட படிப்பு ஒன்று உண்டு. தேசிய ஓட்டல் மேலாண்மை கவுன்சிலின் பாடத்திட்டத்தில் உள்ள ஃப்ரண்ட் ஆபீஸ், அதாவது ஓட்டல் வரவேற்புப் பிரிவு, டிப்ளமோவுக்குப் பிளஸ் டூ தேர்ச்சி போதும். ஒன்றரை ஆண்டில், 24 வாரம் ஓட்டலிலேயே நேரடிப் பயிற்சி. அறை முன்பதிவு, விருந்தினர் வருகைப் பதிவு, பில் கணக்கு, புகாரைப் பொறுமையாகக் கேட்பது எல்லாம் அதில் அடங்கும். இதே கவுன்சிலின் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் அரசு நிறுவனங்கள் சென்னைத் தரமணியிலும் திருவனந்தபுரம் அருகே கோவளத்திலும் உள்ளன. எங்கே எந்தப் படிப்பு நடக்கிறது, கட்டணம் எவ்வளவு என்று இந்த ஆண்டுச் சேர்க்கைக் கையேட்டைப் பார்த்த பிறகே விண்ணப்பியுங்கள். தொடக்கச் சம்பளம் குறைவு, இரவுப் பணி உண்டு, மணிக்கணக்கில் நிற்க வேண்டும். இதை மகளிடம் மறைக்காதீர்கள். ஆனால் தமிழும் மலையாளமும் சரளமாகப் பேசி, பணிவான ஆங்கிலமும் பழகிய பெண்ணுக்குத் தேக்கடியிலிருந்து மூணாறு வரை வேலைக்குக் கதவு தட்ட இடமுண்டு.

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பெரிய தொகை கட்ட வேண்டாம். உங்களுக்குத் தெரிந்த ஹோம்ஸ்டே ஒன்றில் இந்த விடுமுறையில் வாரம் இரண்டு நாள் மகள் வரவேற்பில் உதவட்டும். அது அவளுக்குப் பிடிக்கிறதா என்று அவளிடமே கேளுங்கள். அடகுப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவளை மட்டும் அழைத்துக்கொண்டு ஒருமுறை என்னிடம் வாருங்கள்.