அம்மாவுக்கு ஓர் 'ஆர்'

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். என் அம்மா எங்களோடுதான் இருக்கிறாள். சாயங்காலம் ஆறரைக்கு டிவி முன்னால் உட்கார்ந்தால் பத்து மணிவரை சீரியல்தான். ஒன்றில் மாமியார் விஷம் வைக்கிறாள், இன்னொன்றில் நாத்தனார் குடும்பத்தைப் பிரிக்கிறாள். நல்ல மருமகள் என்றால் அழுதுகொண்டே காபி கொடுக்கிறாள். அப்பா இருந்தவரை செய்தி மட்டும்தான் பார்ப்பார். என் மனைவியும் சொல்லிப் பார்த்துவிட்டாள், அம்மா கேட்பதாக இல்லை. போன வாரம் என் ஒன்பது வயது மகன், "பொம்பளைங்கன்னா சண்டைதான் போடுவாங்களாப்பா?" என்று கேட்டான். எனக்குப் பகீரென்றது. பெண்களை இப்படிக் கேவலமாகக் காட்டுவதை அரசு தடுக்கக் கூடாதா? சினிமாவுக்கு இருப்பதுபோல் சீரியலுக்கும் சென்சார் வேண்டாமா? மகனுக்கு நான் என்ன சொல்வது?

ர.

அன்புள்ள தம்பி,

சீரியல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். சினிமாவைப் போல அதற்கு முன்தணிக்கை கிடையாது என்பது உண்மைதான். ஆனால் பெண்களை அநாகரிகமாகச் சித்திரிப்பதைத் தடைசெய்யும் சட்டம் 1986லிருந்து இருக்கிறது. கேபிள் டிவிக்கான சட்டம் 1995லிருந்து இருக்கிறது. அவை இருக்கும்போதுதான் இத்தனையும் ஓடுகிறது. இன்னொரு சட்டம் வந்து மாற்றிவிடும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. அப்புறம், அம்மா கையிலிருந்து ரிமோட்டைப் பிடுங்காதீர்கள். இந்த வயதில் அவருக்கென்று உட்கார்ந்து பார்க்க ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. பார்க்கட்டும்.

நான் பதில் எழுத உட்கார்ந்த காரணம் வேறு. உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படித்தபோது பென்சிலை எடுத்து அடிக்கோடு போட்டேன். அம்மா இருக்கிறாள். மனைவி சொல்லிப் பார்த்துவிட்டாள். மாமியார் விஷம் வைக்கிறாள். அப்பா பார்ப்பார். சீரியலில் விஷம் வைக்கிறவளுக்கும் உங்களைப் பெற்றவருக்கும் ஒரே விகுதி. மொத்தக் கடிதத்திலும் 'ஆர்' கிடைத்தது, காலமாகிவிட்ட அப்பா ஒருவருக்குத்தான். பெண்களைக் கேவலமாகக் காட்டுகிறார்கள் என்று கோபப்பட்டு எழுதிய கடிதம் இது! எனக்குக் கோபம் வந்தது தம்பி, மறைக்க மாட்டேன்.

நீங்கள் சொல்லப்போவது தெரியும். அது மரியாதைக் குறைவு இல்லை, பாசம்; சாமியைக்கூட 'நீ' என்றுதானே சொல்கிறோம் என்பீர்கள். சரி, பாசம்தான் என்றே வைத்துக்கொள்வோம். அந்தப் பாசம் அப்பாவிடம் மட்டும் ஏன் போகவில்லை? அவரிடம் உங்களுக்குப் பாசம் இல்லையா? ஒரே வீட்டில், ஒரே தட்டுச் சோற்றில் வளர்ந்த பிள்ளைக்கு ஒருவர் 'ஆர்', ஒருவர் 'ஆள்' என்று யார் சொல்லிக்கொடுத்தது? ஒருவரும் உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால்தான் அது இவ்வளவு ஆழத்தில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பத்திரிகைக்கு என் பெற்றோரைப் பற்றி எழுதினேன். 'அம்மா சொன்னார்', 'அம்மா வந்தார்' என்றுதான் எழுதியிருந்தேன். அச்சில் வந்தபோது எல்லாம் 'சொன்னாள்', 'வந்தாள்'. அப்பாவின் 'ஆர்' மட்டும் அப்படியே இருந்தது. மெய்ப்புப் பார்த்த இளைஞரிடம் கேட்டேன். "அம்மான்னா பாசம் தெரியணும்ல மேடம், 'ஆர்' போட்டா அந்நியமா இருக்கு" என்றார். நல்ல பிள்ளை, மனதில் கள்ளம் இல்லை. ஆனால் அவர் வளர்ந்த காலத்தில் தமிழ்நாடு முழுக்க 'அம்மா அறிவித்தார்', 'அம்மா ஆணையிட்டார்' என்று சுவரொட்டி ஒட்டியிருந்தது. ஜெயலலிதாவுக்குப் போட்ட 'ஆர்' யாருக்கும் அந்நியமாகப் படவில்லை. சோறு போட்ட அம்மாவுக்குப் போட்டால்தான் உறுத்துகிறது.

மொழியைக் குறை சொல்லாதீர்கள். 'ஒருவர்' என்ற சொல் ஆண், பெண் இருவருக்கும் பொது, பன்மை வினையைக் கொள்ளும் என்று நன்னூல் சொல்கிறது. சங்கப் புலவர் வரிசையில் ஔவையார், வெள்ளிவீதியார், ஒக்கூர் மாசாத்தியார், காக்கைபாடினியார் நச்செள்ளையார் என்று பெண்களுக்கு 'ஆர்' தாராளமாகவே இருக்கிறது. பாட்டுக் கட்டியவருக்குக் கொடுத்தார்கள், அடுப்பு ஊதியவருக்குக் கொடுக்கவில்லை. காரைக்கால் அம்மையாரை நினைத்துப் பாருங்கள். பரமதத்தனின் மனைவியாக வீட்டில் இருந்தவரை புனிதவதி. வீட்டைத் துறந்து பேயுரு கொண்ட பிறகுதான் அம்மையார். இன்றும் அதே கதைதான். கலெக்டரானால் 'ஆர்' வருகிறது. அந்தக் கலெக்டரைப் பற்றி வீட்டுக்குள் பேசும்போது 'அவள்' ஆகிவிடுகிறார். எல்லாருக்கும் பொதுவான 'அவர்' என்ற சொல்லையே புருஷனுக்கு எழுதிக்கொடுத்துவிட்டோம். 'அவர் ஊரில் இல்லை' என்று ஒரு பெண் சொன்னால், எவர் என்று யாரும் கேட்பதில்லையே.

என் அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தாத்தா பெயர் வெள்ளைச்சாமி. புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பதால் அப்பத்தா 'வெள்' என்று தொடங்கும் எதையும் வாயில் எடுக்க மாட்டார். வெள்ளிக்கிழமை அவருக்கு 'வியாழனுக்கு மறுநாள்'. வீட்டில் ஒரு வெள்ளைச் சேவல் நின்றது, அது 'சுண்ணாம்புச் சேவல்'. வெள்ளரிக்காய்க்காரி தெருவில் வந்தால், "ஏத்தா, அந்தப் பிஞ்சுக்காயைக் கூப்பிடு" என்பார். ஒரு ஆளின் பெயரைச் சுற்றி ஒரு பாஷையையே கட்டி வைத்திருந்தார். தாத்தா அவரைக் கூப்பிட்டது 'ஏய்', 'இந்தா', 'அவ எங்க?' என்றுதான்.

தாத்தா போய் நாலு வருஷம் கழித்து முதியோர் உதவித்தொகைக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனோம். துணைக்கு நான். எனக்கும் அப்போது ஒன்பது வயதுதான். மேசையில் இருந்தவர் தலை நிமிராமல் "புருஷன் பேரு?" என்றார். அப்பத்தா என் தோளை அழுத்தினார். நான் "வெள்ளைச்சாமி" என்றேன். அந்தப் பெயரைக் கேட்டதும் அப்பத்தா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். அடுத்து, "உன் பேரு?" பழக்கத்தில் அப்பத்தா அதற்கும் என்னைத்தான் பார்த்தார். எனக்குத் தெரியவில்லை, தம்பி. அவர் மடியில் வளர்ந்த பிள்ளை நான், அவர் பெயர் எனக்குத் தெரியவில்லை. ஒரு நிமிஷம் கழித்து, யாரோ கொடுத்து வைத்திருந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பது மாதிரி, "பொன்னுத்தாயி" என்றார். மேசைக்காரருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை நான் சொன்னேன்.

1951-52ல் நாட்டின் முதல் பொதுத்தேர்தல். வாக்காளர் பட்டியல் எடுக்கப் போனபோது, பெரும்பாலும் வட மாநிலங்களில், ஏராளமான பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்றே பதிவானார்கள். சொந்தப் பெயர் இல்லாத பதிவு கூடாது என்று தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறுதியாக நின்றார். கடைசியில் ஏறத்தாழ 28 லட்சம் பெண்களின் பதிவு பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த மேசையும் அப்பத்தாவின் முகமும்தான் வரும்.

ஒரு விகுதியை மாற்றினால் எல்லாம் மாறிவிடுமா என்று கேட்பார்கள். கேட்கட்டும். 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் 'மாற்றுத்திறனாளி' வந்ததும், 'திருநங்கை' என்ற சொல் வந்ததும் நம் கண் முன்னால்தான். 2008ல் திருநங்கையருக்கு நலவாரியமும் வந்தது. முன்பு அவர்களை என்னவெல்லாம் சொல்லிக் கூப்பிட்டோம் என்பதை உங்கள் மகன் தலைமுறைக்குச் சொல்லவே வாய் கூசுகிறது.

மகனுக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். அவன் சீரியல் பார்ப்பது மூன்று மணி நேரம் என்றால் உங்களைக் கேட்பது நாள் முழுக்க. அவன் காதுபட, 'பாட்டி சாப்பிட்டாங்களா?', 'அம்மா வந்துட்டாங்களா?' என்று கேளுங்கள். மனைவி சிரிப்பார், அம்மா "என்னடா புதுசா?" என்று கூச்சப்படுவார். அதற்காக நிறுத்திவிடாதீர்கள்.

முடிந்தால் இந்தக் கடிதத்தை எனக்கு இன்னொரு முறை எழுதுங்கள். 'என் அம்மா எங்களோடுதான் இருக்கிறார்' என்று தொடங்குங்கள். எழுதும்போது எந்த இடத்தில் கை நின்றது என்பதையும் சொல்லுங்கள். அவர் பெயரையும் எழுதுங்கள், தம்பி. கடிதத்தில் அது இல்லை.

அன்புடன்,
அக்கா