மெய்நிகர் உலகத்துக்கு யார் பணம் போடுவது?

கேள்வி: வி.ஆர். (கருவி மாட்டிப் பார்க்கும் மெய்நிகர் காட்சி), மெட்டாவர்ஸ் (பலர் பொம்மை உருவில் கூடும் மெய்நிகர் உலகம்) என்று பெரிய கம்பெனிகளே பணத்தைக் கொட்டும்போது அரசு எதற்கு வரிப்பணத்தை அதில் போட வேண்டும்? அவர்கள் செய்து முடித்ததும் வாங்கிக்கொண்டால் போதாதா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: கம்பெனிகள் கொட்டுவது உண்மைதான். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் வி.ஆர். வேலையைப் பார்க்கும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2023-இல் மட்டும் 1,600 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் காட்டியது, 2024-இல் அதையும் தாண்டியது. ஆனால் அந்தப் பணம் எப்போது வந்தது என்று பாருங்கள். தலையில் மாட்டிக்கொண்டு, நாம் தலையைத் திருப்பும்போது கணினி வரையும் காட்சியும் கூடவே மாறும் கருவியைப் (ஹெட்செட்) பற்றிக் கணினி விஞ்ஞானி ஐவன் சதர்லேண்ட் கட்டுரை வெளியிட்டது 1968-இல். ஹார்வர்டில் நடந்த அந்த ஆய்வுக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்பாவும் கடற்படை ஆராய்ச்சி அலுவலகமும் பணம் கொடுத்தன, பெல் டெலிபோன் ஆய்வுக்கூடமும் ஒரு பங்கு உதவியது. அதாவது இந்தத் துறையின் முதல் ஹெட்செட்டுகளில் ஒன்றே அரசு-தனியார் கூட்டில் வந்ததுதான். அதற்குப் பிறகு சாதாரண ஜனங்களிடம் பரவலாக விற்கிற மாதிரி ஒரு ஹெட்செட் உருவாக நாற்பது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. அத்தனை வருஷம் லாபம் இல்லாமல் காத்திருக்க எந்தப் பங்குதாரரும் சம்மதிக்க மாட்டார்.

1999-இல் அமெரிக்க ராணுவம் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு ஐந்து வருஷத்துக்கு 4.5 கோடி டாலர் கொடுத்து ஐ.சி.டி. என்ற ஆய்வு நிறுவனத்தை ஆரம்பித்தது. ஹாலிவுட் ஆட்களும் வீடியோ கேம் ஆட்களும் ஆராய்ச்சியாளர்களோடு சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பதே அதன் நோக்கம். போரிலிருந்து மனக்காயத்தோடு திரும்பிய வீரர்களுக்கு வி.ஆர். மூலம் சிகிச்சை தரும் முறையை அங்கே உளவியலாளர் ஸ்கிப் ரிஸ்ஸோவின் குழு பல வருஷம் வளர்த்தது. எனக்கு அந்த நிறுவனத்தில் மிகப் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதில் பெரிய சந்தை இல்லை, ஆனால் மனிதனுக்குத் தேவை இருக்கிறது.

அதே நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் பகுதி நேரமாக வேலை பார்த்தவர் பால்மர் லக்கி. 2012-இல் பொதுமக்களிடம் நிதி திரட்டும் கிக்ஸ்டார்ட்டர் இணையதளத்தில் ஆக்குலஸ் ரிஃப்ட் என்ற தன் ஹெட்செட்டுக்காக 24 லட்சம் டாலர் திரட்டினார், 2014-இல் ஃபேஸ்புக் அந்தக் கம்பெனியைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆக்குலஸ் முழுக்க அரசுப் பணத்தில் பிறந்தது என்று சொன்னால் அது நியாயமில்லை, அங்கே சேரும் முன்பே பெற்றோர் வீட்டு கராஜில் ஹெட்செட் செய்துகொண்டிருந்தவர் அவர். ஆனாலும் வரிப்பணத்தில் வளர்ந்த அறிவும் ஆட்களும் இருந்த சூழல் அவருக்குக் கிடைத்தது. அப்படி ஒரு சூழலை, செய்து முடித்த ஹெட்செட்டோடு சேர்த்துக் கடையில் வாங்க முடியாது. அதனால்தான் அரசு பணம் போட வேண்டும் என்கிறேன்.

கேள்வி: அரசும் கம்பெனியும் கூட்டு என்றால் பாதிக்குப் பாதியா? கம்பெனி நிஜமாகவே காசு தருமா?
– ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி

பதில்: சரியான இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆராய்ச்சி நிதித் திட்டமான ஹொரைசன் யூரோப்பை எடுத்துக்கொள்வோம், 2021 முதல் 2027 வரைக்கும் தொடக்கத்தில் சுமார் 9,550 கோடி யூரோ ஒதுக்கினார்கள். அடிப்படை ஆராய்ச்சிப் பக்கம் இருக்கும் திட்டமென்றால் பல்கலைக்கழகத்துக்கும் கம்பெனிக்கும் தகுதியான செலவு முழுவதும் கிடைக்கலாம். சந்தைக்குப் பக்கத்தில் வந்துவிட்ட திட்டமென்றால் லாப நோக்குள்ள கம்பெனிக்கு வழக்கமாக 70 சதவீதம்தான், மீதியை அது கையிலிருந்து போட வேண்டும். 2023 ஜூலையில் மெய்நிகர் உலகங்களுக்கென்று ஓர் உத்தியை வெளியிட்ட ஐரோப்பிய ஆணையம், இந்தத் துறைக்கும் தொழில்துறையோடு ஒரு கூட்டு அமைக்கப்போவதாகச் சொன்னது.

ஆனால் கம்பெனியின் பங்கு என்று கணக்கில் எழுதுவது எல்லாமே ரொக்கம் இல்லை. இஞ்சினியர்கள் வேலை செய்த நேரம், ஆய்வுக்கூடத்துக் கருவி, மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒரு விலை போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். இது தப்பு என்று நான் சொல்லவில்லை, நல்ல இஞ்சினியரின் நேரம் பல சமயம் காசைவிடப் பெரிய உதவி. விலை போட்டது யார், சரிபார்த்தது யார் என்று மட்டும் கேளுங்கள். அப்புறம் கண்டுபிடிப்பு யாருக்குச் சொந்தம் என்பது. ஹொரைசனில் கண்டுபிடித்தவருக்கே உரிமை, கூட இருக்கும் பங்காளிகள் திட்ட வேலைக்குத் தேவையானதை ராயல்டி இல்லாமல் பயன்படுத்தலாம், ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் இலவசமாகப் படிக்கும்படி வெளியிட வேண்டும். நம் ஊரில் இப்படி ஓர் ஒப்பந்தம் போட்டால் இந்த மூன்றும் அதில் இருக்கிறதா என்று பார்ப்பேன், மேடையில் யார் கைகுலுக்கினார்கள் என்பது எனக்கு முக்கியமில்லை.

கேள்வி: தென்கொரியா மெட்டாவர்ஸில் போட்டது வீணாகிவிட்டதாமே?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: ஒரு பகுதி போயிற்று என்று சொல்லலாம். சியோல் மாநகராட்சி 2023 ஜனவரியில் 'மெட்டாவர்ஸ் சியோல்' என்ற மெய்நிகர் சேவைத் தளத்தைத் திறந்தது. முதல் கட்டத்துக்கே சுமார் 200 கோடி வோன் (கொரிய நாணயம்) செலவு, 2024 அக்டோபரில் மூடிவிட்டார்கள். வரி சம்பந்தமான சந்தேகத்தைக் கேட்க ஏன் ஒரு பொம்மை உருவம் எடுத்து நடந்து போக வேண்டும், சாதாரண இணையதளத்திலேயே முடிந்துவிடும் வேலைதானே? ஆராய்ச்சிக்குக் கொடுத்த பணம் தோற்றாலும் அதைச் செய்தவர்களிடம் ஒரு திறமை மிஞ்சும், தளம் கட்டக் கொடுத்த பணத்துக்கு ஆள் வராவிட்டால் அவ்வளவுதான். அதே நாட்டு அறிவியல் அமைச்சகம் 2021 மே மாதம் நிறுவனங்களைச் சேர்த்து மெட்டாவர்ஸ் கூட்டணி அமைத்தது, அதையும் சியோல் தளத்தையும் ஒரே கணக்கில் எழுதாதீர்கள்.

கேள்வி: எம்.இ. முடித்திருக்கிறேன். இந்தத் துறையில் ஆராய்ச்சி செய்ய நம் பக்கம் வழி உண்டா?
– ஒரு மாணவி, திருச்சி

பதில்: உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் எக்ஸ்டிக் என்ற மையம் இருக்கிறது, பேராசிரியர் மணிவண்ணன் குழுவினர் வி.ஆர்.-இல் தொடு உணர்வை எப்படிக் கொண்டுவருவது என்று வேலை செய்கிறார்கள், தொழில் நிறுவனங்களையும் ஒரு கூட்டமைப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். மும்பையில் அனிமேஷன், கேமிங், எக்ஸ்.ஆர். (வி.ஆர். போன்றவற்றுக்குப் பொதுப்பெயர்) துறைக்கென்று ஒரு தேசிய மையம் அமைக்க 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது, தொழில் கூட்டமைப்புகளான ஃபிக்கியும் சி.ஐ.ஐ.யும் அதில் பங்காளிகள். நிறுவனம் பணம் போடும் திட்டத்தில் சேர்ந்தால், உங்கள் ஆய்வுக் கட்டுரையை வெளியிட எத்தனை மாதம் தடுத்து வைக்க அவர்களுக்கு உரிமை இருக்கிறது, காப்புரிமையில் உங்கள் பெயர் வருமா, இந்த இரண்டையும் கையெழுத்துக்கு முன்னால் எழுத்தில் வாங்கிவிடுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல வழிகாட்டி தப்பாக நினைக்க மாட்டார்.